நான்காவது விடை

ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மூன்று இளைஞர்கள் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். மூவரும் பதவி உயர்வுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர்கள். மூவர் கையிலும் தலையணை அளவில் வினாத் தொகுப்புகள். அவர்களுள் ஒருவர், மரியாதை சிறிதும் குறையாத குரலில்தான், கேட்டார்.

"உங்க காலத்துல எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சாலே கூப்புட்டு வேலை குடுத்துருவாங்க இல்லீங்களா ஐயா? இந்த ரீசனிங் கண்டமெல்லாம் எங்க தலையிலதானே விடிஞ்சிருக்கு?"

முப்பத்து நான்கு ஆண்டுகள் இயந்திரத் தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எத்தனையோ அதிகாரிகளின் கோபத்தைப் பார்த்தவன். எந்தக் கோபமும் என் உறக்கத்தைக் கெடுத்ததில்லை. ஆனால் இருபது தர்க்க வினாக்கள் அச்சிட்ட ஒற்றைத் தாளை எவராவது மேசையின்மேல் வைத்தால், இன்றும் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறேன். அந்த இளைஞருக்கு நேரில் சொல்லாத விடையை இங்கே எழுதுகிறேன்.

ஐம்பதுகளில் நடந்தது இது. பாரூர் ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் பயிரிட்ட குடும்பத்தின் இரண்டாம் மகன் நான். கிருஷ்ணகிரியில் பள்ளி இறுதி வகுப்பை முடித்தபோது என்னிடம் இருந்த சொத்து நாக்கு ஒன்றே. மாவட்ட அளவில் நான்கு சொற்போர்க் கோப்பைகள் வென்றிருந்தேன். காலையில் 'கிராமமே சிறந்தது' என்று பேசிப் பரிசு வாங்கி, மாலையில் வேறொரு மன்றத்தில் 'நகரமே சிறந்தது' என்று பேசி அங்கும் பரிசு வாங்கியவன் என்று என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். அதைவிடப் பெருமையாக நானே சொல்லிக்கொள்வேன். மேடைப் பயிற்சியின் முதல் பாடம் எங்களுக்கு இதுதான்: முதலில் முடிவை எடு, அதன்மேல் காலை அழுத்தி ஊன்றி நில், காரணங்கள் தாமாக வந்து சேரும்.

பெங்களூரின் ஓரத்தில் புதிதாக எழுந்த ஓர் இயந்திரத் தொழிற்சாலையில், பொருள் கிடங்கில், ஓராண்டுத் தற்காலிக வேலை கிடைத்தது. பள்ளியின் பிரிவு விழாவில், "இந்த மேடைக்கு நான் மீண்டும் வருவேனாயின், நிரந்தரப் பணியாளனாகவே வருவேன், இல்லையேல் வரமாட்டேன்!" என்று முழங்கினேன். கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று. கூட்டத்தின் கடைசி வரிசையில் தோளில் துண்டோடு நின்ற என் அண்ணன் மட்டும் கைதட்டவில்லை. வயல் வேலை முழுவதும் அவர் ஒருவர் தலையில் விழப்போகிறது என்பது அவருக்குத் தெரியும்.

"ஒரு வருசம் பாரு," என்றார் வீட்டுக்குப் போகும் வழியில். "ஆவலன்னா வந்துரணும். மடைக்கு ஒரு ஆளு, கரும்புக்கு ஒரு ஆளுன்னு நான் ரெண்டா பொளந்துக்க முடியாது."

"ஒரு வருடத்தில் நிரந்தரம் ஆகிவிடும், அண்ணா."

"ஆனா சரி."

பெங்களூரில் அறை எடுக்கக் கட்டுப்படியாகாததால் ஓசூரில் தங்கினேன். கிடங்கில் என்னோடு சேர்ந்த பாஷா கிருஷ்ணகிரிக்காரன்; அவனுடைய பெரியப்பாவின் புளி மண்டிக்கு மேல் இருந்த அறையை இருவரும் பகிர்ந்துகொண்டோம். விடியற்காலை முதல் பேருந்தில் எல்லையைத் தாண்டிப் போவோம். மாலைப் பேருந்தில் திரும்புவோம். கிடங்கு அலமாரிகளில் ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு பொருள். வரிசைக்கு ஓர் அட்டை தொங்கும். எடுத்தால் கழித்தும் வைத்தால் கூட்டியும் அந்த அட்டையில் எழுத வேண்டும். சீட்டு இல்லாமல் ஓர் ஆணிகூட வெளியே போகக் கூடாது. வாஷர்கள் அடுக்கிய வரிசைக்குப் பொறுப்பு பாஷா. தச்சுச் சாமான்களுக்கு நான்.

பத்தாவது மாதத்தில் அறிவிப்பு வந்தது. தற்காலிகப் பணியாளர் பதினான்கு பேரும் எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். கணக்கு, ஆங்கிலம், தர்க்க வினாக்கள் என்று மூன்று பகுதி. ஒவ்வொன்றிலும் பாதிக்குப் பாதி மதிப்பெண் கட்டாயம். ஒரு பகுதியில் தவறினாலும் ஆண்டு முடிவோடு வேலை முடியும்.

தர்க்கம் என்ற சொல்லைக் கண்டதும் நான் சிரித்தேன். பாஷாவின் தோளைத் தட்டி, "அஞ்சாதே, உனக்கும் சேர்த்து நான் வாதாடுகிறேன்" என்றேன்.

"வாதாடற பரிச்ச இல்லியாமே பேச்சாளரே," என்றான் அவன். "புள்ளி வக்கிற பரிச்சயாம்."

தேர்வை நடத்தும் பொறுப்பு பணியாளர் பிரிவு அதிகாரி நஞ்சுண்டையா அவர்களுடையது. மைசூர்ப் பக்கத்துக்காரர். கன்னடமும் தமிழும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்தில் ஒன்றையொன்று முட்டாமல் அவர் வாயில் நடக்கும். கழுத்துவரை பொத்தானிட்ட வெள்ளைக் கோட்டு; குனிந்தாலும் மடிப்புக் கலையாத முதுகு. குரலை உயர்த்தி அவர் பேசி எவரும் கேட்டதில்லை. தேர்வுக்கு முந்திய மூன்று சனிக்கிழமைகளில், அரைநாள் வேலை முடிந்ததும், உணவுக் கூடத்தில் எங்களை உட்காரவைத்துப் பயிற்சித் தாள் கொடுத்தார். கொடுக்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்துவைப்பார். "டைம் நான் நோட்றேன், பாத்துக்கறேன். நீங்க தாள நோடி," என்பார். தாளுக்கு இருபது வினா. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. நான்காவது விடை மட்டும் எல்லா வினாவுக்கும் ஒன்றுதான்: 'கூற இயலாது'.

தவறான விடையை அவர் அடிப்பதில்லை. அதன் பக்கத்தில் பென்சிலால் சிறு வட்டம் போடுவார். அந்த வட்டத்தின் பொருள் என்னவென்று முதல் சனிக்கிழமையே எனக்குத் தெரிந்தது.

முதல் தாளில் பதினான்கு பேரில் கடைசி மதிப்பெண் என்னுடையது. இருபதுக்கு ஆறு. பாஷா பதினைந்து. மதிப்பெண்களை அவர் உரக்கப் படித்தபோது, என் பெயரை அடுத்து அவர் சொன்ன எண் வேறொருவனுடையது என்றே முதலில் நினைத்தேன். பிறகு காதுமடல் சூடேறியது. எழுந்து நின்றேன்.

வினா இதுதான்: 'கிடங்கில் உள்ள பெட்டிகளில் சில, மரப்பெட்டிகள். மரப்பெட்டிகள் அனைத்தும் பூட்டப்பட்டவை. எனவே?' பூட்டாத பெட்டிகளும் உண்டு என்ற விடையை நான் தேர்ந்திருந்தேன். சில பெட்டிகள் பூட்டப்பட்டவை என்பதே சரி என்றார் அவர்.

ஐந்து நிமிடம் பேசினேன். 'சில' என்று ஒருவன் சொன்னால் 'ஏனையவை அல்ல' என்பது உலக வழக்கு என்றேன். மரப்பெட்டிகளை மட்டும் தனியே பிரித்துப் பூட்டைச் சொன்ன ஆசிரியர், மற்றவற்றுக்குப் பூட்டு இல்லை என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறார் என்றேன். அரசன் அவையில் நின்று பேசுவதுபோல உணவுக் கூடத்தின் பலகையைத் தட்டினேன். பின் வரிசையில் எவனோ மெல்லக் கைதட்டவும் செய்தான்.

நஞ்சுண்டையா முழுவதையும் கேட்டார். முடிந்ததும் என் தாளை என் பக்கம் திருப்பிவைத்து, ஆள்காட்டி விரலை வினாவின்மேல் வைத்தார்.

"சென்னாகி பேசறே. நல்லாப் பேசறே. ஆனா நீ சொன்னது இதுல எல்லிதே? எங்கே இருக்கு? காட்டு."

விரல் அங்கேயே இருந்தது. நான் குனிந்து அந்த இரண்டு வரிகளைப் படித்தேன். பெட்டிகள் இருந்தன, மரம் இருந்தது, பூட்டு இருந்தது. பூட்டாத பெட்டி மட்டும் இல்லை. அதை நான் கொண்டுவந்திருந்தேன்.

இன்னொரு வினாவில் என் பிழை இதைவிடக் கேவலமானது. 'கந்தன் வேலுவைவிட உயரமானவன். மணி வேலுவைவிட உயரமானவன். மூவரில் உயரமானவன் யார்?' கந்தன் என்று எழுதியிருந்தேன். ஏன் என்று கேட்டார். முதலில் குறிப்பிடப்படுபவனே முதன்மையானவன் என்பது அவை மரபு என்றேன். கூடமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, வட்டத்தின்மேல் பென்சிலால் இன்னொரு முறை வட்டமிட்டார்.

அன்று மாலைப் பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். எல்லை தாண்டி ஜூஜுவாடியில் பேருந்து நின்றது. நம் பக்கம் மதுவிலக்கு. பெங்களூரில் கடைகள் திறந்திருந்தன. ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஒவ்வொரு பேருந்திலும் ஒரு காவலர் ஏறி, பைகளைத் துழாவி, முகத்தருகே மூக்கைக் கொண்டுவந்து சோதிப்பார். அன்று வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார். அவமானத்தால் என் கண்கள் சிவந்திருந்தன.

"எறங்கு கீழ. ஊது."

"நான் குடிப்பதில்லை, ஐயா."

"குடிச்சவன் எல்லாம் இதத்தான் சொல்றான். பெங்களூர்ல இருந்துதானே வர்ற?"

ஊதினேன். முகம் சுளித்து, காலையில் சாப்பிட்ட வெங்காயத்தைத் தவிர வேறொன்றும் கிடைக்காமல், போகச் சொன்னார். ஏறி உட்கார்ந்ததும் பாஷா என் பக்கம் சாய்ந்தான்.

"பாத்தியா? இந்த வண்டியில குடிச்சிட்டு வர்றவன் அத்தன பேரும் பெங்களூர்ல இருந்து வர்றான். ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கொள்கிறேன்."

"நீயும் பெங்களூர்ல இருந்து வர்ற. அப்ப நீ குடிச்சவன்."

"அது எப்படி!"

"எப்படின்னு என்னக் கேக்குற? அந்த ஏட்டய்யா போட்ட கணக்கும் இதான், நீ இன்னிக்கு ஆறு மார்க்கு வாங்குன கணக்கும் இதான். அவரு மேல கோவம் வருதில்ல? உன் மேல ஏன் வரல?"

ஜூஜுவாடியிலிருந்து ஓசூர் வருவதற்குள் நான் கோப்பை வென்ற பேச்சுகள் சிலவற்றை மனத்துக்குள் ஒருமுறை பேசிப் பார்த்தேன். அந்த ஏட்டய்யா அவற்றில் பல இடங்களில் நின்றுகொண்டிருந்தார்.

பாஷாவின் முறை எளிமையானது. கிடங்கில் பகல் உணவு இடைவேளையில், தன் வரிசையிலிருந்து அளவு அளவாகப் பித்தளை வாஷர்களை எடுத்து மேசைமேல் வைப்பான். "மரப்பெட்டி எல்லாம் பூட்டுனது" என்றால் சிறிய வளையத்தைப் பெரிய வளையத்துக்குள் வைப்பான். "சில" என்றால் ஒன்றின் ஓரத்தை மற்றொன்றின் ஓரத்தின்மேல் ஏற்றுவான். "எதுவும் இல்லை" என்றால் இரண்டையும் விலக்கிவைப்பான். பிறகு விடைகளை ஒவ்வொன்றாகப் படித்து, வளையங்களை நகர்த்திப் பார்ப்பான். வினாவை உடைக்காமல் ஒரு வளையத்தை நகர்த்த முடிந்தால், அந்த விடை விழுந்தது.

"எங்க பெரியத்தா மண்டியில புளி மூட்ட வாங்கறப்ப இப்படித்தான்," என்றான். "தரகன் ஆயிரம் சொல்லுவான், கொட்ட இல்லாத புளி, பாறையில காயவச்ச புளின்னு. பெரியத்தா காதுல பஞ்ச வச்ச மாதிரி நிப்பாரு. மூட்டையப் பிரிச்சு என்ன இருக்கோ அதான். உனக்குள்ள ஒரு தரகன் ஒக்காந்திருக்கான்யா. அவன மொதல்ல எறக்கி உடு."

எனக்குச் சினம் வந்தது. ஆனால் என் கைகள் வளையங்களை நகர்த்தத் தொடங்கியிருந்தன. கண்ணால் பார்த்தபின் நாவால் மறுக்க முடியவில்லை. இரண்டாம் சனிக்கிழமை ஒன்பது வாங்கினேன். தேறப் பத்து வேண்டும். பதினொரு வட்டங்களில் ஏழு, நான்காவது விடை எழுதவேண்டிய இடத்தில் விழுந்தவை. இரண்டு தாள்களிலும் ஒருமுறைகூட நான் அந்த விடையைத் தேர்ந்திருக்கவில்லை. மேடையில் ஏறி ஒலிபெருக்கிக்கு முன் நின்று 'இது பற்றி ஒன்றும் கூற இயலாது' என்று சொன்ன பேச்சாளனை எவரேனும் கண்டதுண்டா? எனக்கு அது விடையாகவே தெரியவில்லை, தோல்வியாகத் தெரிந்தது.

மறுநாள் ஞாயிறு. அண்ணன் ஓசூருக்கு வந்தார். பேருந்து நிலையத்தில் நின்றபடியே பேசினார். அறைக்கு வர மறுத்துவிட்டார்.

"அடுத்த மாசம் கால்வா தண்ணி தொறக்கறாங்க. நீ வர்றியா இல்லியான்னு தெரிஞ்சா நான் ஆளு பாக்கலாம். சொல்லு."

எனக்குள் நான்கு பேச்சுகள் எழுந்தன. ஒன்பது என்ற எண் அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தது.

"தேர்வு முடியட்டும், அண்ணா."

"தேறுவியா, மாட்டியா?"

"தேறுவேன்!" என்றேன். குரல் கணீரென்று வந்தது. அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காவேரிப்பட்டினம் வண்டியில் ஏறினார்.

அடுத்த நாள்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். உணவு இடைவேளை மட்டும் போதவில்லை. அறையிலும் பயிற்சி செய்ய வளையங்கள் வேண்டியிருந்தன. சோற்று மூடியையும் பொத்தானையும் வைத்துப் பார்த்தேன். ஒன்றுக்குள் ஒன்று அடங்கவில்லை. மாலையில் பாஷா கை கழுவப் போயிருந்தபோது அவன் வரிசையிலிருந்து நான்கு வாஷர்களை எடுத்தேன். பெரியது ஒன்று, நடுத்தரம் இரண்டு, சிறியது ஒன்று. வெளியே போகிறவர்களின் சட்டைப்பையை வாயிற்காவலர் தடவிப் பார்ப்பார் என்பதால் அவற்றைத் தூக்குச் சட்டியின் அடி அடுக்கில் வைத்தேன். காலையில் திருப்பி வைத்துவிடுவதாகத்தான் எண்ணம்.

காலையில் சட்டியோடு உள்ளே கொண்டுபோனேன். இன்னும் ஒருநாள் பயிற்சி வேண்டும் என்று தோன்றியது. மாலையில் சட்டியோடு வெளியே கொண்டுவந்தேன். இப்படிப் பல நாள் போயிற்று. ஒவ்வொரு காலையும் திருப்பி வைக்கும் எண்ணத்தோடுதான் போனேன். ஒவ்வொரு மாலையும் வாயிலைத் தாண்டும்போது சட்டியை மறுகைக்கு மாற்றிக்கொண்டேன். அறையில் பாஷா வாஷர்களைப் பார்த்துக் கேட்டபோது, "பழைய கடையில் கிடைத்தவை" என்று சொன்னேன். மேடைப் பயிற்சி அங்கே உதவியது. கண் இமைக்காமல் சொன்னேன். மூன்றாம் சனிக்கிழமை பதின்மூன்று மதிப்பெண் வாங்கினேன். நஞ்சுண்டையா என் தாளை மற்றவற்றைவிடச் சற்று நேரம் கூடுதலாகப் பார்த்தார்.

தேர்வு நாள் காலை, எப்படியும் இன்று திருப்பி வைத்துவிட வேண்டும் என்று வாஷர்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கிடங்குக்குப் போனால், தேர்வுக்காக அன்று பிற்பகல்தான் திறப்பார்கள் என்று கதவில் எழுதியிருந்தது. வேறு வழியின்றி உணவுக் கூடத்துக்குப் போனேன்.

கடிகாரம் மேசைமேல் கவிழ்ந்தது. பிறகு அவர் சொன்னார்: "எல்லாரும் பாக்கெட்ல இருக்கறத எடுத்து மேசை மேல வையி. போன தடவ ஒருத்தன் சீட்டு வச்சிருந்தான்."

பீடிக்கட்டும் பேருந்துச் சீட்டும் சாவியும் சீப்புமாக மேசைகள் நிறைந்தன. நான் கடைசியாக வைத்தேன். நான்கு பித்தளை வளையங்கள் மரப்பலகையில் பட்ட ஓசையை நான் இன்னும் மறக்கவில்லை. நஞ்சுண்டையா நடந்து வந்தார். ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே சுழற்றினார். தொழிற்சாலைக் குறி அதில் பொறித்திருந்தது.

"இது யார் வரிசை?"

பக்கத்து மேசையில் பாஷா எழுந்தான். "என் வரிச சார். ஆனா எண்ணிக்க சரியாத்தான் இருக்கும் சார்... நான் நேத்து எண்ணல."

"உக்காரு. ரெண்டு பேரும் எழுதுங்க. அப்புறம் பேசலாம்."

வாஷர்களை அவர் தம் மேசைக்கு எடுத்துப்போய்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கினார். எனக்கு நேர் எதிரே, பத்தடி தூரத்தில், எழுதிய நேரம் முழுவதும் அவை இருந்தன.

கணக்கையும் ஆங்கிலத்தையும் எப்படி எழுதினேன் என்று நினைவில்லை. தர்க்கப் பகுதியில் பத்தொன்பதாம் வினா மட்டும் எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. 'பித்தளைப் பொருள்களுள் சில பளபளப்பானவை. பளபளப்பான பொருள்களுள் சில விலை மிக்கவை. எனவே பித்தளைப் பொருள்களுள் சில விலை மிக்கவையா?' உள்ளே இருந்த தரகன் உடனே எழுந்து, ஆம், ஆம் என்றான். நான் எதிரே இருந்த வாஷர்களைப் பார்த்தேன். மனத்துக்குள் பெரியதை நடுவில் வைத்தேன். இடப்பக்கம் ஒன்று அதன்மேல் ஏறியது. வலப்பக்கம் ஒன்று ஏறியது. இடதும் வலதும் ஒன்றையொன்று தொட்டாக வேண்டுமா? தொடலாம். தொடாமலும் இருக்கலாம். நகர்த்தினேன், நகர்ந்தது. என் பென்சில் நான்காவது விடைக்குப் போயிற்று. திருடியவன் என்ற பெயரை வாங்கித்தரப்போகும் வளையங்களே எனக்கு விடையும் சொல்லித்தந்தன என்பது எழுதி முடித்தபின்தான் உறைத்தது.

வெளியே வந்ததும் பாஷா என் சட்டையைப் பிடித்தான்.

"பழைய கடையில கெடச்சதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பேசுய்யா! ஊரெல்லாம் பேசுற வாய்தானே! நாலு வாஷருக்கு என் பேரையும் சேத்துல்ல எழுதப்போறாங்க. கேட்டிருந்தா சீட்டுப் போட்டு நானே வாங்கிக் குடுத்திருப்பேன்ல? ஒரு வார்த்த கேட்டியா?"

சட்டையை விட்டுவிட்டு நடந்தான். அதன்பின் ஒன்பது நாள் ஒரே அறையில் இருந்தோம். விளக்கை அணைப்பதற்கும் கதவைத் தாழிடுவதற்கும் மட்டும் பேசினோம். கிடங்கு அட்டையில் நான்கு குறைவு என்று கழித்து எழுதப்பட்டிருந்தது. அதன்கீழ் அவனுடைய கையொப்பம் இருந்தது. அவன் வேலை போனால் அது என்னால். நான் எந்தச் சபையில் எப்படிப் பேசினாலும் அந்த வரி மாறாது.

பத்தாம் நாள் நஞ்சுண்டையா என்னைத் தனியே அழைத்தார். வழியெல்லாம் நான் பேச்சு தயாரித்தேன். எடுத்தது கல்விக்காக, விற்பதற்காக அல்ல. ஒவ்வொரு நாளும் திரும்பக் கொண்டுவந்தேன். ஆதலால் அது களவு அன்று, கடன். அறிவைத் தேடியவனைத் தண்டித்த நிறுவனம் எதுவும் தழைத்ததில்லை. முன்னுரையும் முடிவுரையும் கச்சிதமாக அமைந்தன. வாழ்க்கையில் நான் அமைத்த மிகச் சிறந்த பேச்சு அதுதான்.

அவர் உட்காரச் சொல்லவில்லை. ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

"நடந்தது மட்டும் எழுது. 'ஆகையால்' வேண்டாம். 'ஏனென்றால்' வேண்டாம்."

நின்றபடி குனிந்து எழுதினேன். முதல் வரியில் பேனா பலமுறை நின்றது. எழுதியது இவ்வளவே: 'நான்கு வாஷர்களைச் சீட்டு இல்லாமல் எடுத்தேன். சாப்பாட்டுச் சட்டியில் மறைத்து வெளியே கொண்டுபோனேன். பாஷாவுக்கு இது தெரியாது. அவர் கேட்டபோது பொய் சொன்னேன்.' என் சிறந்த பேச்சு முழுவதும் வெளியே நின்றுவிட்டது. அதற்குத் தாளில் இடம் இல்லை.

அவர் படித்தார். விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தினார். எந்த வரியின் பக்கத்திலும் வட்டம் போடவில்லை. பிறகு தலையை உயர்த்தாமலே கேட்டார்.

"அன்னிக்கு நான் பாக்கெட்ட எடுக்கச் சொல்லலைன்னா, அத நீ திருப்பி வச்சிருப்பியா?"

வைத்திருப்பேன் என்ற சொல் தொண்டைவரை வந்தது. கணீரென்று வரக்கூடிய குரலில்தான் வந்தது. அதே குரலில் அண்ணனிடம் 'தேறுவேன்' என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அத்தனை காலைகள் நினைவுக்கு வந்தன. அவ்வளவு காலையிலும் வைப்பதாகத்தான் உள்ளே போனேன். அத்தனை மாலைகளும் நினைவுக்கு வந்தன. இரண்டு வளையங்களையும் நகர்த்திப் பார்த்தேன். இரண்டும் நகர்ந்தன.

"சொல்ல முடியாது, சார்," என்றேன்.

அவர் பேனாவை மூடினார். வாஷர்களை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து அந்தத் தாளின்மேல் வைத்தார்.

"போய் அது இருந்த எடத்துல வையி. அட்டையில எழுதச் சொல்லு. ஹோகு, போ."

ஒரு வாரம் கழித்து ஆணை வந்தது. தர்க்கப் பகுதியில் பன்னிரண்டு. கண்டிப்புக் குறிப்புடன் ஆறு மாதம் தள்ளி நிரந்தரம். நான் விரும்பிய அலுவலகப் பிரிவில் அல்ல, அளவுகோல் காட்டுவதைத் தவிர வேறெதையும் எழுதக் கூடாத பரிசோதனைப் பிரிவில். பாஷாவின் பெயருக்கு எதிரே குறிப்பு எதுவும் இல்லை. அண்ணனுக்கு எழுதினேன்: 'வேலை கிடைத்தது. பிழை ஒன்று செய்தேன், அதற்காக ஆறு மாதம் தாமதம். ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.' பள்ளி மேடைக்கு நான் திரும்பிப் போகவில்லை. நிரந்தரப் பணியாளன் ஆனபிறகும் போகவில்லை.

ஆனால் அதற்கு முன், அன்று நஞ்சுண்டையாவின் அறையிலிருந்து நேராகக் கிடங்குக்குத்தான் போனேன். பாஷா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். வாஷர்களை அவன் மேசைமேல் வைத்தேன். அவற்றைத் தொடாமல் என்னையே பார்த்தான்.

"என் பேரு?"

"எழுதிக் கொடுத்துவிட்டேன். உனக்குத் தெரியாது என்று."

"வேற என்ன கேட்டாரு? அர மணி நேரம் பேசியிருப்பியே?"

"ஒரு கேள்வி கேட்டார். இரண்டு சொல்லில் பதில் சொன்னேன்."

"ரெண்டு சொல்லா? நீயா?" பாஷா ஒன்பது நாளுக்குப் பிறகு முதன்முறையாகச் சிரித்தான். "எங்கே இருக்கு? காட்டு."

நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அவன் நான்கு வாஷர்களையும் அளவு பார்த்து அதனதன் அறையில் போட்டான். அட்டையில் நான்கைக் கூட்டி எழுதி, பேனாவை என்னிடம் நீட்டினான். அவனுடைய கையொப்பத்துக்குக் கீழே என் பெயரை எழுதினேன்.